தள்ளாடுபவன் எங்கே நிற்பான்?

சிரிப்பும் கணக்கும் – 11

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் பக்கத்தில் இருக்கிறது மண்டகப்பட்டு. அங்கே பாறையில் குடைந்த ஒரு சிறிய கோயில். முகப்பில் இரண்டு முழுத்தூண்கள், இரண்டு அரைத்தூண்கள், இரு ஓரங்களிலும் வாயில்காவலர் சிற்பங்கள். உள்ளே மூன்று கருவறைகள். மூன்றும் இன்று வெறுமையாக இருக்கின்றன. தூணில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது என்கிறது அந்தக் கல்வெட்டு. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவன்.

அவனுக்கு இன்னொரு பட்டப்பெயரும் உண்டு: மத்தவிலாசன். அதே பெயரில் அவன் ஒரு நாடகமும் எழுதினான், ‘மத்தவிலாசப் பிரகசனம்’. பிரகசனம் என்றால் நகைச்சுவை நாடகம். 1917இல் த. கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் பதிப்பித்து வெளியிட்டார். கேரளத்தில் கூடியாட்டக் கலைஞர்கள் அதை வழிவழியாக ஆடி வந்திருக்கிறார்கள்.

கதை எளிமையானது. சத்தியசோமன் என்ற கபாலியும் அவன் துணைவி தேவசோமாவும் குடித்துவிட்டுக் காஞ்சித் தெருக்களில் தள்ளாடிக்கொண்டு போகிறார்கள். வழியில் கபாலியின் பிச்சைப் பாத்திரமான மண்டையோடு காணாமல் போய்விடுகிறது. அதில் வறுத்த இறைச்சி இருந்ததால் நாய் எடுத்திருக்கலாம், இல்லாவிட்டால் பௌத்தத் துறவி எடுத்திருக்கலாம் என்று கபாலி முடிவுகட்டுகிறான். எதிரே வந்த நாகசேனன் என்ற துறவியை மறித்துச் சண்டைக்கு இழுக்கிறான். பாசுபதர் ஒருவர் நடுவராக வருகிறார். கடைசியில் ஒரு பித்தன், நாயிடமிருந்து பிடுங்கிய மண்டையோட்டோடு வந்து சேர்கிறான்.

குடித்தவன் போகும் வழியை வைத்துச் சிரிக்கும் பழக்கம் கணிதத்திலும் உண்டு. நிகழ்தகவுப் பரவல்களைப் பற்றிச் சொல்லப்படும் நகைச்சுவைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது 1905இல் பிறந்த ஒன்று. இந்த வாரம் அதைப் பிரித்துப் பார்ப்போம். சென்ற வாரம் பார்த்த ஈருறுப்புப் பரவல் இங்கே உடனே கைகொடுக்கும்.

1905 ஜூலை 27 அன்று லண்டன் ‘நேச்சர்’ வார இதழில் கார்ல் பியர்சன் ஒரு சிறு கடிதம் எழுதினார். புள்ளியியலைத் தனித் துறையாக நிறுவியவர்களில் ஒருவர் அவர். கேள்வி இதுதான்: ஒரு மனிதன் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு நேராகக் குறிப்பிட்ட தூரம் நடக்கிறான். பிறகு ஏதோ ஒரு பக்கம் திரும்பி அதே தூரம் நடக்கிறான். மறுபடி திரும்புகிறான், மறுபடி நடக்கிறான். இப்படிப் பல முறை நடந்த பிறகு, புறப்பட்ட இடத்திலிருந்து அவன் எவ்வளவு தூரத்தில் இருப்பான்? யாராவது தீர்வு சொல்ல முடியுமா?

அடுத்த வாரமே, ஆகஸ்ட் 3 இதழில், ராலே பிரபு பதில் எழுதினார். ஒரே சுருதியில் ஒலிக்கும் பல ஒலிகள், முன்னும் பின்னுமாகக் கலந்து சேர்ந்தால் மொத்த ஒலி எவ்வளவு வலுவாக இருக்கும் என்ற கேள்விக்கு அவர் 1880இலேயே விடை கண்டிருந்தார். கேள்வியின் உடை வேறு, கணக்கு ஒன்று. ஆகஸ்ட் 10 இதழில் பியர்சன் நன்றி சொன்னார். ராலேயின் தீர்விலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடம் என்று ஒன்றையும் சேர்த்தார்: திறந்தவெளியில், காலூன்றி நிற்க முடிந்த ஒரு குடிகாரனைத் தேடினால், அவன் இருப்பதற்கு மிக அதிக வாய்ப்புள்ள இடம் அவன் புறப்பட்ட இடத்தின் அருகேதான்.

நடந்து நடந்து களைத்தவன் எங்கும் போகவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பேராசிரியரும் ஒரு பிரபுவும் மூன்று வாரம் கடிதம் எழுதிக்கொண்டார்கள். சிரிப்பு வருவது அதனால்தான். ஆனால் இந்த வாக்கியத்துக்குள் ஒரு பொறி இருக்கிறது. படிப்பவர்களில் பெரும்பாலோர் இதை, ‘அந்த ஆள் புறப்பட்ட இடத்திலேயே இருப்பான்’ என்று எடுத்துக்கொள்வார்கள். அது தவறு. பியர்சன் சொன்னது சரி.

தெருவிலிருந்து தொடங்குவோம். கிழக்கு மேற்காக ஒரே ஒரு நீளத் தெரு. கபாலி மதுக்கடை வாசலில் நிற்கிறான். ஒவ்வொரு தப்படியும் கிழக்கே போகலாம், மேற்கே போகலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு. முந்தின தப்படி எந்தப் பக்கம் வைத்தான் என்பது அடுத்ததைப் பாதிக்காது. நான்கு தப்படி வைக்கிறான். மொத்தம் 16 வழிகள். எண்ணிப் பாருங்கள்: 6 வழிகளில் கடை வாசலுக்கே திரும்பி வந்திருப்பான். 4 வழிகளில் கிழக்கே இரண்டு தப்படி தள்ளி நிற்பான். 4 வழிகளில் மேற்கே இரண்டு. கிழக்குக் கோடியில் நான்காம் தப்படிக்குப் போக ஒரே வழி, மேற்கிலும் அப்படியே ஒன்று.

1, 4, 6, 4, 1. சென்ற வாரத்து ஈருறுப்புப் பரவல் இதுதான். இந்த வரிசை மகேந்திரவர்மனைப் போன்ற வடமொழிக் கவிகளுக்கு அந்நியமான ஒன்று இல்லை. நான்கு எழுத்து கொண்ட ஓரடியில் குருவும் (நீண்ட அசை) லகுவும் (குறுகிய அசை) எத்தனை விதமாக அமையலாம் என்பது யாப்பின் கேள்வி. குருவே இல்லாதது ஒன்று, ஒரு குரு வருவது நான்கு, இரண்டு குரு வருவது ஆறு. பிங்கலரின் யாப்புச் சூத்திரங்களுக்கு 10ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் இதை மேரு பிரஸ்தாரம் என்று மலை வடிவில் அடுக்கிக் காட்டினார். பள்ளியில் நாம் பாஸ்கல் முக்கோணம் என்று படிப்பது அதைத்தான். குரு என்பதைக் கிழக்கு என்றும் லகு என்பதை மேற்கு என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு செய்யுளடியும் ஒரு தள்ளாட்டம்.

இப்போது இரண்டு கேள்விகள் கேட்போம். கபாலி நிற்பதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் எது? கடை வாசல், 16இல் 6. வேறெந்த ஓரிடத்துக்கும் இவ்வளவு கிடையாது. கடையிலிருந்து அவன் இருக்க அதிக வாய்ப்புள்ள தூரம் எது? இரண்டு தப்படி, ஏனென்றால் கிழக்கில் 4, மேற்கில் 4, ஆக 8. பூஜ்யத் தூரத்துக்கு 6தான். அதே மனிதன், அதே நடை. இடத்தைக் கேட்டால் ஒரு பதில், தூரத்தைக் கேட்டால் வேறு பதில். பத்துத் தப்படிக்கும் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 1024 வழிகள். கடை வாசலில் முடிபவை 252. இரண்டு தப்படித் தூரத்தில் முடிபவை இரு பக்கமும் சேர்த்து 420. பியர்சனின் நகைச்சுவை முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஒரு பரவலை நாம் ஒரே எண்ணாகச் சுருக்கப் பார்க்கிறோம், அது மறுக்கிறது.

தெருவை விட்டுத் திறந்தவெளிக்கு வருவோம். அங்கே எந்தத் திசையிலும் திரும்பலாம். இப்போது இடைவெளி இன்னும் விரியும்.

முதலில் சராசரியாக எவ்வளவு தூரம் போவான் என்று பார்க்கலாம். புறப்பட்ட இடத்திலிருந்து R தப்படி தள்ளி நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தப்படியை நேரே வெளிநோக்கி வைத்தால் தூரம் R+1. அதன் வர்க்கம் R²+2R+1. நேர் எதிராக உள்நோக்கி வைத்தால் R²−2R+1. இரண்டின் சராசரி R²+1. பக்கவாட்டில் செங்கோணமாக வைத்தால் பிதாகரஸ் தேற்றப்படி அதுவும் R²+1. எந்தக் கோணத்தை எடுத்தாலும் அதற்கு நேர் எதிர்க்கோணம் ஒன்று உண்டு. இரண்டின் சராசரி எப்போதும் R²+1தான். ஆக ஒவ்வொரு தப்படியும் தூரத்தின் வர்க்கத்தைச் சராசரியாக ஒன்று கூட்டுகிறது. நூறு தப்படிக்குப் பிறகு வர்க்கத்தின் சராசரி 100. அதன் வர்க்கமூலம் 10. நூறு தப்படி நடந்தவன் பத்துத் தப்படி அளவுக்குத்தான் விலகியிருப்பான். இருபது தப்படி விலக வேண்டுமென்றால் இருநூறு போதாது, நானூறு வைக்க வேண்டும். இந்த ஒரு வரிக் கணக்கு எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. திசை தெரியாமல் உழைப்பதன் விலை வர்க்கமூலத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

ராலேயின் விடை இதைவிட நுணுக்கமானது. தப்படிகள் பல ஆகும்போது, நூறு தப்படிக்காரன் R தூரத்துக்கு அப்பால் இருக்கும் நிகழ்தகவு, e என்ற எண்ணின் −R²/100 ஆம் அடுக்கு. இதிலிருந்து எல்லாவற்றையும் எடுக்கலாம். பத்துத் தப்படி வட்டத்துக்குள் அவன் இருக்க 63 சதவீத வாய்ப்பு. இருபதுக்கு அப்பால் போயிருக்க 2 சதவீதத்துக்கும் குறைவு. முப்பதுக்கு அப்பால், ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒன்று.

இருட்டில் அவனைத் தேடுகிறோம். நம் கையிலுள்ள விளக்கு ஒரு தப்படி ஆரமுள்ள வட்டத்துக்கு மட்டும் வெளிச்சம் தரும். ஒரே ஒருமுறைதான் காட்டலாம். எங்கே காட்டுவது? பியர்சன் சொன்னபடி புறப்பட்ட இடத்தில்தான். அங்கே அகப்பட ஏறத்தாழ 1 சதவீத வாய்ப்பு. ஏழு தப்படி தள்ளி ஓரிடத்தில் காட்டினால் 0.6 சதவீதம். ஆகவே முதலிடம் புறப்பட்ட இடத்துக்கே. ஆனால் அந்தச் சிறந்த இடத்தில் காட்டினாலும் 99 சதவீதம் ஏமாற்றம்தான்.

தூரத்தைக் கேட்டால் கதை மாறும். ஏழுக்கும் எட்டுக்கும் இடையே உள்ள வளையத்தில் அவன் இருக்க 8.5 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரு தப்படி அகல வளையங்களிலேயே அதிகம் பெறுபவற்றில் இது ஒன்று. களத்தில் தூற்றிக் குவித்த நெல் அம்பாரத்தை நினைத்துப் பாருங்கள். உச்சி நடுவில்தான் இருக்கிறது. ஆனால் உச்சிக்கு நேர் கீழே ஒரு படி அகலத்தில் எவ்வளவு நெல் இருக்கும்? அம்பாரத்தைச் சுற்றி அதே அகலத்தில் ஒரு வளையம் அள்ளினால் மூட்டை மூட்டையாக வரும். உயரம் நடுவில், நெல் வளையத்தில். பரவலின் உயரத்தைப் பியர்சன் சொன்னார். கேட்பவர் நெல்லின் அளவைக் கேட்டதாக எண்ணிக்கொள்கிறார்.

நாடகத்தில் கபாலியும் இதே தவற்றைத்தான் செய்கிறான் என்பது என் வாசிப்பு. இருக்கும் ஐயங்களில் பெரியதை எடுத்து, அதையே உறுதி என்று ஆக்கிக்கொண்டு துறவியின் கையைப் பிடிக்கிறான். அதிக வாய்ப்புள்ளது என்பதும் நடந்தது என்பதும் அவனுக்கு ஒன்றாகிவிடுகின்றன.

குடிகாரனைப் பற்றிய இரண்டாவது நகைச்சுவைக்கு வருவோம். இதன் கணக்கு 1921இல் வந்தது. சூரிச்சில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் போயா, ஒருநாள் சோலையில் மனம்போன போக்கில் உலவிக்கொண்டிருந்தார். தெரிந்த மாணவர் ஒருவர் தம் காதலியோடு எதிர்ப்பட்டார். சற்று நேரத்தில் மறுபடி எதிர்ப்பட்டார்கள். பிறகு மறுபடி. வேண்டுமென்றே பின்தொடர்வதாக அவர்கள் எண்ணிவிடுவார்களோ என்று போயா கூசிப்போனார். பிறகு, இப்படிச் சந்திப்பது இயல்புதானா என்று கணக்குப் போடத் தொடங்கினார். குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் உள்ள ஒரு முடிவில்லாத ஊரை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சந்தியிலும் நான்கு பக்கங்களில் ஏதோ ஒன்றில் திரும்பி நடப்பவன், புறப்பட்ட சந்திக்கு என்றாவது திரும்புவானா? நிச்சயம் திரும்புவான். நிகழ்தகவு சரியாக 1.

அதே கேள்வியை முப்பரிமாணத்தில், மேலும் கீழும்கூடப் போகலாம் என்று வைத்துக் கேட்டால் விடை சரிந்துவிடுகிறது: 34 சதவீதம்தான். இதைத்தான் ஜப்பானியக் கணித அறிஞர் ஷிசுவோ ககுதானி சொன்னதாக வகுப்புதோறும் சொல்கிறார்கள்: குடித்த மனிதன் வீடு வந்து சேர்ந்துவிடுவான், குடித்த பறவை திரும்பாமலே போகலாம். இரு பரிமாணத்தில் எதுவும் தொலைவதில்லை. மூன்றாவது பரிமாணம் தொலைவதற்கு இடம் கொடுக்கிறது.

ஆனால் ‘நிச்சயம்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். தெருக்களில் தள்ளாடுபவன் திரும்புவது உறுதி என்றாலும், திரும்பி வர ஆகும் நேரத்தின் சராசரி முடிவிலி. பத்து லட்சம் தப்படிக்குப் பிறகும் ஐந்தில் ஒருவரோ ஆறில் ஒருவரோ புறப்பட்ட சந்தியை ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டார். மண்டையோட்டைக் கவ்விய நாயும் கபாலியைப் போலவே மனம்போனபடி திரிகிறது என்று கொண்டால், இருவருக்கும் இடையிலான இடைவெளியும் ஒரு தள்ளாட்ட நடையே. ஆகவே சில எளிய நிபந்தனைகளோடு, இருவரும் என்றாவது ஒரு சந்தியில் சந்திப்பதும் உறுதிதான். எப்போது என்பதற்குத்தான் வரம்பில்லை. ஒரு நாடகம் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. மகேந்திரவர்மன் பித்தனை அனுப்பி வேலையை முடித்தான்.

முப்பரிமாணத் தள்ளாட்டத்தை நம்மவர் ஒருவர் விண்மீன்களுக்குக் கொண்டுபோனார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943இல் ‘ரெவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ்’ இதழில் எழுதிய நெடுங்கட்டுரை, இயற்பியலிலும் வானியலிலும் தற்செயல் செய்யும் வேலையைப் பற்றியது. அதன் முதல் அத்தியாயம் எடுத்துக்கொள்வது, ஒவ்வொரு நகர்வும் ஏதோ ஒரு திசையில் அமைந்தால் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்ற இந்தக் கேள்வியைத்தான். நுண்துகள்களின் உதறலும், அண்டை விண்மீன்களின் ஈர்ப்பால் ஒரு விண்மீன் வழிமாறுவதும் அங்கே ஒரே கணக்கில் வந்து சேர்கின்றன. அந்தக் கட்டுரையை இன்றும் மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள்.

பியர்சனுக்கு இந்தக் கேள்வி ஏன் தோன்றியது என்பதை இன்னும் சொல்லவில்லை. அவர் மனத்தில் இருந்தது குடிகாரன் இல்லை, கொசு. 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ், 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ஓர் ஊரைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குத் தேங்கிய நீரை அகற்றினால் ஊருக்குள் கொசு குறையும் என்பது அவருடைய கவலை. ஒரே கோட்டில் வலமும் இடமும் பறக்கும் கொசுவுக்கு, நாம் மேலே பார்த்த 1, 4, 6, 4, 1 கணக்கை அவர் போட்டுக் காட்டினார். சமவெளியில் எல்லாப் பக்கமும் பறக்கும் கொசுவுக்குக் கணக்கு தேவைப்பட்டது. பியர்சன் 1906இல் ஜான் பிளேக்மேனோடு சேர்ந்து அதை விரிவாகவே எழுதினார்.

ராலேயின் சூத்திரத்தை இதற்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு கொசு தன் வாழ்நாளில் பத்துப் பத்து மீட்டராக நூறு முறை திசை மாறிப் பறக்கிறது என்று கொள்வோம். மொத்தம் பறந்தது ஒரு கிலோமீட்டர். விலகியது நூறு மீட்டர் அளவு. கொசு எல்லா இடத்திலும் சமமாகப் பிறக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நூறு மீட்டர் ஆரத்துக்குத் தேங்கிய நீரையெல்லாம் அகற்றினால், நடுவில் இருக்கும் வீட்டுக்கு வரும் கொசு 37 சதவீதமாகக் குறையும். இருநூறு மீட்டருக்கு அகற்றினால் 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆரம் இரண்டு மடங்கு, வேலை நான்கு மடங்கு, எஞ்சும் கொசு இருபதில் ஒரு பங்கு.

இப்போது உங்கள் வீட்டுக் கட்டிலைச் சுற்றும் கொசுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிறந்திருக்க அதிக வாய்ப்புள்ள ஒற்றை இடம் எது? உங்கள் வீடுதான், பூந்தொட்டித் தட்டு, மூடாத தண்ணீர்த் தொட்டி. பியர்சனின் குடிகாரன் சொன்ன பதில் இது. ஆனால் பத்து மீட்டர் ஆரத்துக்குள் உங்கள் வீட்டை மட்டும் துடைத்து வைத்தால், மேலே சொன்ன கணக்கின்படி குறைவது 1 சதவீதம். உங்களிடம் வரும் கொசுக்களில் மூன்றில் இரண்டு பங்கு, 50 மீட்டருக்கும் 150 மீட்டருக்கும் இடைப்பட்ட வளையத்திலிருந்து வருகின்றன. அது அடுத்த தெரு. டெங்கு வந்த வீட்டோடு நிற்காமல், சுகாதாரப் பணியாளர்கள் சுற்றியுள்ள தெருக்கள் முழுவதும் வீடுவீடாக ஏறி இறங்கித் தொட்டிகளைத் திறந்து பார்ப்பதற்கு இந்த வளையமே காரணம். அவர்கள் கதவைத் தட்டும்போது, ‘எங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லையே’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி அனுப்பாதீர்கள். காய்ச்சல் வந்த வீட்டுக்கு நீங்கள்தான் வளையம்.

உண்மையான கொசு இந்தக் கணக்கின் கொசுவைப் போல அப்படியே நடந்துகொள்வதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. அது எவ்வளவு குறைவாகப் பறக்கிறதோ அவ்வளவுக்கு உங்கள் வீட்டின் பங்கு கூடும். மனித வாடை அதை இழுக்கும், காற்று தள்ளும். காற்று ஒரே பக்கமாக வீசினால் எல்லாத் திசைக்கும் சம வாய்ப்பு என்ற அடிப்படையே மாறிவிடுகிறது. அப்போது அம்பாரத்தின் உச்சி புறப்பட்ட இடத்தை விட்டு நகரத் தொடங்கும். தப்படிக்கு வர்க்கமூலமாக இல்லாமல், தப்படிக்குத் தப்படி நேர் விகிதத்தில் நகரும். அந்த நகர்வு எப்போது தள்ளாட்டத்தை மிஞ்சும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.